நீ லைப்ரரி படிப்பு படிக்கப்போறேன்னு சொன்னதுக்கு அம்மா எழுதுறது

தம்பி,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல விஷயத்தைச் சொன்னப்ப நான் "சரி, சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன், நீ அப்புறமா அப்பாவுக்குப் போட்டு அம்மாவுக்கு கோவமான்னு கேட்டியாம். கோவம்லாம் ஒண்ணுமில்லடா. என்ன சொல்றதுன்னு தெரியல, அவ்வளவுதான். போன்ல எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும், லைப்ரரில 25 வருஷம் "சத்தம் போடாதீங்க"ன்னு மத்தவங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே சத்தம் குறைஞ்சு போச்சு. அதான் எழுதுறேன். போன்லதான் டைப் அடிக்கிறேன், கண்ணாடிக்கு வேற பவர் மாத்தணும், தப்பு இருந்தா நீயே சரியா படிச்சுக்க. அன்னிக்கு நான் பேசாம இருந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதைக் கடைசில சொல்றேன்.

மொதல்ல வீட்டு நிலவரம். அப்பா ஒண்ணும் சொல்லல, வயலுக்குக் கிளம்புறப்ப மட்டும் "இருக்குற வேலையை விட்டுட்டு மறுபடி படிக்கப் போறானாம்"னு மாட்டுகிட்ட சொல்லிட்டுப் போனார். உங்க மாமாதான் வந்து உக்காந்துகிட்டு, புக்கை எடுத்துக் குடுத்து வாங்கி வைக்கிறதுக்கு ரெண்டு வருஷம் காலேஜா, அதுக்கு மாஸ்டர் டிகிரி வேறயா, 27 வயசுல இப்படிப் போனா இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு ஒரு மணி நேரம் ஓட்டுனார். காபியைக் குடுத்து அனுப்பி வச்சேன். ஆனா அவர் கேட்டதுல மொதல் பாதி நியாயமான கேள்விதான், ரெண்டாவது பாதியை விடு. எடுத்துக் குடுத்து வாங்கி வைக்கிறதுக்கு எதுக்கு அத்தனை படிப்புன்னு அந்த வேலையையே பாத்த எனக்கே ரொம்ப நாள் பதில் தெரியாது.

நீ சொன்ன காரணம்தான் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. "கஜா புயல் அடிச்சப்ப நாம ரெண்டு பேரும் புக்கு காயவச்சோமேம்மா, அப்பவே மனசுல விழுந்துடுச்சு"ன்ன. எனக்கும் அந்த வாரம் மறக்காது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியக்காலம் அடிச்சுது, லைப்ரரி லீவு நாள், அது ஒண்ணுதான் நல்லது. மரம் விழுந்து கெடந்த ரோட்டுல நீயும் நானும் தாண்டித் தாண்டிப் போயி பாத்தா, கூரை சிமெண்ட் ஷீட்டு ரெண்டு பக்கமும் இல்ல, உள்ள வானம் தெரியுது. மேல்தட்டு புக்கெல்லாம் நனைஞ்சு தொங்குது, கீழ்த்தட்டுல இருந்ததெல்லாம் தண்ணியக் குடிச்சு உப்பி ரேக்குக்குள்ள இறுகிப்போயி, ஒண்ணை இழுத்தா முதுகு மட்டும் கையோட வருது, உள்ள இருக்குற புக்கு வரல. நீ ரேக்கோட போல்ட்டை ஸ்பானர் வச்சுக் கழட்டுனியே, அந்த ஐடியா எனக்கு வந்திருக்காது.

பள்ளிக்கூட தாழ்வாரத்துல வரிசையா நிக்க வச்சோம். படுக்க வைக்காதம்மா, விரிச்சு நிக்க வைன்னு நீதான் சொன்ன. கரெண்டு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஃபேன் கெடையாது, பழைய தினத்தந்தி கட்டுகளை எடுத்து இருபது பக்கத்துக்கு ஒரு தாள் சொருகி, ஊறினதும் எடுத்து வேற தாள் மாத்தி, ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல அதே வேலை. சிவப்பு ரெக்சின் பைண்டிங் போட்டதெல்லாம் சாயம் எறங்கி பக்கமெல்லாம் ரோஸ் கலர் ஆயிடுச்சு, பிள்ளைங்க படக் கதை புக்கு, அந்தப் பளபளா தாள் போட்டது, காஞ்சதும் செங்கல் மாதிரி ஒட்டிக்கிச்சு, அதை ஒண்ணும் பண்ண முடியல. மூணாம் நாள் கறுப்புப் புள்ளியா பூஞ்சை வர ஆரம்பிச்சதும் நீ ஒரு ஓரமா போய் உக்காந்துட்ட. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆனா தம்பி, நீ பாத்தது அந்த ஒரு வாரம் மட்டும்தான். காலேஜ் தொறந்து நீ திருச்சிக்குப் போய்ட்ட. அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிச்சுது.

அன்னிக்குக் கதவைத் தொறந்ததும் நான் மொதல்ல எதை எடுத்தேன், ஞாபகம் இருக்கா? நீ என்னைத் திட்டுன. "புக்கெல்லாம் நனையுது, நீ என்னம்மா நோட்டைத் தூக்கிட்டு ஓடுற"ன்ன. சேர்க்கைப் பதிவேடு, அக்ஸஷன் ரிஜிஸ்டர். மூணு தடி நோட்டு, அதை யூரியா சாக்குல சுத்தி பக்கத்து வீட்டு அரிசிப் பானைக்கு மேல வச்சுட்டு வந்துதான் புக்கைத் தொட்டேன். நான் அப்ப உனக்குப் பதில் சொல்லல, மூச்சு வாங்கிட்டிருந்துது. இப்ப சொல்றேன். ஒரு லைப்ரரில என்ன இருக்குன்னு அந்த நோட்டுக்குத்தான்டா தெரியும். ஒவ்வொரு புக்குக்கும் ஒரு நம்பர், வந்த தேதி, எழுதுனவர், பதிப்பகம், விலை, எப்படி வந்துது, வாங்குனதா நன்கொடையா. அது போயிடுச்சுன்னா எது நனைஞ்சுது எது தொலைஞ்சுது எது எப்பவுமே நம்மகிட்ட இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. புக்கு போனா திரும்ப வாங்கலாம், என்ன வாங்கணும்னு அந்த நோட்டுதான் சொல்லும்.

அந்த நோட்டை வச்சுக்கிட்டு நான் தை, மாசி, பங்குனி மூணு மாசம் கழிவுப் பட்டியல், அதான் வீணாப்போன புக்கைக் கணக்குலேர்ந்து எடுக்குற லிஸ்டு, எழுதுனேன். நம்பர், பேரு, விலை, "மழையால் சேதம்". நம்பர், பேரு, விலை, "மழையால் சேதம்". கார்பன் வச்சு மூணு காப்பி. ஒரு தடவை மொத்தக் கூட்டல்ல நாலு ரூபா இடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி மொதல்லேர்ந்து. அதுல கதை கெடையாது, யாரும் அதைப் பாத்து மனசுல விழுந்துடுச்சுன்னு சொல்ல மாட்டாங்க. நீ போறது இந்த வேலைக்கு, காயவைக்கிற வேலைக்கு இல்ல. இதைத்தான் அன்னிக்கு போன்ல சொல்லத் தெரியாம சாப்பிட்டியான்னு கேட்டேன்.

புக்கு பிடிக்கும்கிறதுக்காக இதுக்கு வராதன்னும் சொல்ல மாட்டேன், பிடிக்காதவன் வந்தா அது வேற கொடுமை. ஆனா படிக்கலாம்னு நெனச்சு வராத. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி படிச்சதுல பாதி கூட சேர்ந்தப்புறம் படிக்கல. காலைல எட்டு மணிக்குக் கதவைத் தொறந்தா பேப்பருக்கு நாலு பெரியவங்க நிப்பாங்க, பேப்பர் ஒண்ணு, அதைத் தாள் தாளா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்து மாத்தி மாத்திப் படிக்க வச்சு, ராசிபலன் தாளுக்கு மட்டும் சண்டை வராம பாத்துக்கிட்டு, பத்து மணிக்கு குரூப் 4 படிக்கிற பொண்ணுங்க வந்து ஃபேனுக்குக் கீழ இடம் புடிக்கிறது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க. நடுவுல கெடைக்கிற நேரத்துல ரிஜிஸ்டர். தொகுப்பூதியம்னு ஒரு தொகை குடுத்தாங்க அப்ப, எவ்வளவுன்னு சொன்னா நீ சிரிப்ப, சொல்லல.

கஜா முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும், தென்னந்தோப்பு முழுக்கச் சாஞ்சுபோன ஒருத்தர் வந்தார். அவர் அதுவரைக்கும் லைப்ரரி வாசல்ல செருப்பைக் கழட்டுனதே கெடையாது. "தென்னைக்குப் பதிலா என்ன வைக்கலாம்னு எதுலயாச்சும் போட்டிருக்கா"ன்னார். என்கிட்ட இருந்த விவசாய புக்கு மொத்தம் பதினொண்ணு, அதுல ஏழு தாழ்வாரத்துல காஞ்சுகிட்டு இருக்கு, மிச்சம் நாலுலயும் அது இல்ல. இல்லைங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு போன் போட்டு யாரைப் பாக்கணும், என்னைக்கு வரலாம்னு கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். அவர் அதுக்கப்புறம் வாராவாரம் வந்தார், புக்கு எடுக்கல, பேப்பர்தான். அந்தத் துண்டுச் சீட்டுக்கு உன் படிப்புல ஒரு பேரு இருக்கு, ரெஃபரன்ஸ் சர்வீஸ், தனியா ஒரு பேப்பரே வச்சிருப்பாங்க. எனக்கு அது தெரியாமலே செஞ்சேன்.

தெரியாம செஞ்சதுன்னு சொன்னேன்ல, அதுலதான் என் வருத்தம். நான் தபால் வழில பி.எல்.ஐ.எஸ்., லைப்ரரி படிப்புல மொத டிகிரி, முடிச்சேன், அது உனக்குத் தெரியும். புக்குக்குப் பட்டியல் கார்டு எழுதுற கேட்டலாகிங் பிராக்டிகல்ல ரெண்டு தடவை போயி மூணாவது தடவைதான் பாஸ் ஆச்சுன்னு தெரியாது, யாருக்கும் சொல்லல, அப்பாவுக்கு மட்டும் தெரியும். அந்தப் பயத்துலயே மாஸ்டர் டிகிரி எம்.எல்.ஐ.எஸ்.க்கு வாங்குன அப்ளிகேஷனை பீரோல வச்சு அது மஞ்சளாயிடுச்சு. பணமில்லாம இல்ல, நேரமில்லாம இல்ல, பயம்தான். அதனால உனக்கு யாராச்சும் அம்மா உனக்காகத்தான் படிக்காம விட்டாங்கன்னு சொன்னா நம்பாத.

என்னத்துல போச்சுன்னு கேட்டா நீயும் தெரிஞ்சுக்கறது நல்லது. ஒரு கார்டு, அஞ்சுக்கு மூணு இஞ்சு. அதுல மேல ஆசிரியர் பேரை எழுதணும். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேரு இருக்கு, அதை முன்னாடி போட்டு ஒரு கமா போட்டா முடிஞ்சுது. நமக்கு எது குடும்பப் பேரு? அப்பா பேரு எழுத்தா முன்னாடி நிக்குது, ஊர்ப் பேரு இன்னொரு எழுத்து. புதுமைப்பித்தன்னு அட்டைல இருக்கும், ஆளு சொ. விருத்தாசலம். எதுல போடுறது? பாக்குறவன் எதுல தேடுவானோ அதுல போட்டுட்டு, இன்னொரு பேருல "காண்க"ன்னு ஒரு தனிக் கார்டு வைக்கணும். நான் பரிட்சைல அந்த "காண்க" கார்டை ரெண்டு தடவையும் விட்டுட்டேன். தேடுறவன் தப்பான கதவைத் தட்டுவான்னு முன்கூட்டியே யோசிச்சு அங்கயும் ஒரு ஆளை நிக்க வைக்கிறதுதான் அந்தக் கார்டு. மாமாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான், ஆனா காபி குடிச்சுக்கிட்டிருக்குறவருக்கு எப்படிச் சொல்றது.

இப்ப கார்டு எங்கயும் இல்ல, கம்ப்யூட்டர்லயே புக்கைத் தேடுற பட்டியல், ஓபேக்னு வந்துடுச்சு, கோஹா மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மார்க் 21ன்னு ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு நம்பர் போட்ட கட்டம் வச்சிருக்காங்கன்னு எனக்கும் டிரெய்னிங்ல காட்டுனாங்க. ஆனா பிரச்சனை அதேதான், இன்னும் கூடிப்போச்சு. சுப்பிரமணிய பாரதி, சி. சுப்பிரமணிய பாரதி, பாரதியார், பாரதி, சுப்ரமண்யம்னு ண மேல ஒருத்தன் புள்ளி வைப்பான் ஒருத்தன் வைக்க மாட்டான், மெஷினுக்கு அதெல்லாம் தனித்தனி ஆளு. போதாததுக்கு யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி பாமினி மாதிரி எழுத்துருல அடிச்ச லிஸ்டெல்லாம் இன்னிக்குத் தொறந்தா கோழி கிளறுன மாதிரி இருக்கு. எங்க லைப்ரரி லிஸ்டையே ஒரு டைப்பிங் சென்டர்ல குடுத்து அடிச்சு வாங்குனோம், பத்து வருஷம் கழிச்சு சிடியைப் போட்டா ஒரு வரி தமிழ் இல்ல. நீ இந்த அஞ்சு வருஷமா ஆபீஸ்ல அழுதுகிட்டே பாத்தியே, யாரோ தப்புத் தப்பா போட்டு வச்ச எக்ஸெல் ஷீட்டை சரி பண்ற வேலை, இது அதே வேலைதான்டா. அதனால உனக்கு வரும். எனக்கு வராதது உனக்கு வரும்னு நெனைக்கிறப்ப கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு.

இன்னொண்ணு பாரு. புக்கை வகை பிரிக்க டூயின்னு ஒருத்தர் 1876-ல போட்ட நம்பர் முறைதான் உலகம் முழுக்க. அதுல அமெரிக்க இலக்கியத்துக்கு 810, இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820, முழுசு முழுசா. தமிழ் எங்க இருக்குன்னு தேடுனா 890-ல மத்த மொழிகள்ல ஒரு மூலைல, 894.811. தமிழ் நாவல்னா 894.8113. ரெண்டாயிரம் வருஷத்து சரக்கை வச்சுக்கிட்டு புள்ளிக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம். நம்ம ஊர் லைப்ரரில முக்காவாசி அந்த ஒரே நம்பர்லதான் வரும், அதான் நான் ரேக்குல பெயின்ட்ல கதை, பக்தி, சமையல், போட்டித் தேர்வுன்னு எழுதி வச்சுட்டேன். ஒரு அதிகாரி வந்து இதென்ன மளிகைக் கடை மாதிரின்னு கேட்டார். சாருக்கு எந்த சாமான் வேணும்னு வாய் வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன்.

நீ சேரணும்னு சொல்ற மெட்ராஸ் யுனிவர்சிட்டி பத்தி ஒண்ணு. அங்க லைப்ரரி சயின்ஸ் பாடத்துக்குன்னு ஒரு பேராசிரியர் இருக்கை வைக்க 1956-ல ஒரு லட்ச ரூபா குடுத்தது எஸ்.ஆர். ரங்கநாதன், நம்ம நாட்டு நூலகத் துறைக்கே தந்தைன்னு சொல்லுவாங்க. தன் சேமிப்பை எடுத்துக் குடுத்து சம்சாரம் சாரதா பேருல வச்சார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், இந்த வேலைக்கு ஆசைப்பட்டெல்லாம் வரல. 1924-ல யுனிவர்சிட்டி லைப்ரரியனா சேர்ந்தார், சேர்ந்த கொஞ்ச நாள்லயே தனிச் சிறைல போட்ட மாதிரி இருக்குன்னு பழைய பிரசிடென்சி காலேஜ் பிரின்ஸிபாலைப் போய்ப் பாத்து என்னைத் திரும்ப எடுத்துக்கங்கன்னு நின்னார். அந்த பிரின்ஸிபால்தான், லண்டன் போய் இந்தப் படிப்பைப் படிச்சுட்டு வா, அப்பவும் போரடிச்சா இங்க வான்னு அனுப்புனது. அங்க செல்ஃப்ரிஜ்ஜஸ் கடைல மெக்கானோ பொம்மை செட்டைப் பாத்தார், அதே துண்டுகளை மாத்தி மாத்தி மாட்டி விதவிதமா செய்யுறாங்களே, பாடங்களையும் இப்படித் துண்டு துண்டா பிரிச்சு மாட்டுனா என்னன்னு யோசிச்சதுதான் கோலன் பகுப்பு முறை, 1933-ல புக்கா வந்துது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி லைப்ரரிக்குன்னு அவர் எழுதுன ஐந்து விதிகள். மொத விதி என்ன தெரியுமா, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதுக்கு ஒரு விதியான்னு கேப்ப. பூட்டி வச்ச அலமாரிகிட்ட ஒருத்தன் காவலுக்கு நின்ன காலத்துல அதைச் சொல்லணும்.

நீ மன்னார்குடி போற வழில மேலவாசல் எத்தனை தடவை தாண்டியிருப்ப. அங்க 1931-ல கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர் மாட்டு வண்டில புக்கை ஏத்தி ஊர் ஊரா அனுப்புனார், நம்ம பக்கத்து ஊருடா. நான் வேலைக்குச் சேர்ந்து பன்னண்டு வருஷம் கழிச்சுதான் எனக்கே தெரியும், அதுவும் ஒரு மீட்டிங்ல யாரோ சொல்லி. இதெல்லாம் படிப்புக்குள்ள வந்தா முன்னாடியே தெரியும், நமக்கு முன்னாடி யாரு நடந்திருக்காங்கன்னு. அப்புறம் 1948-ல நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவுல மொதல்ல மெட்ராஸ்லதான். வீட்டு வரி ரசீது அடுத்த தடவை வந்தா பாரு, ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரின்னு நம்ம அப்பாவும் கட்டுறார், மாமாவும் கட்டுறார். மாமா கட்டிக்கிட்டே திட்டுறார்.

சரி, பொழப்புக்கு வர்றேன். இதை யாரும் உனக்கு நேரா சொல்ல மாட்டாங்க. மாஸ்டர்ல 55 சதவீதம் எடுக்கப் பாரு, அதோட நெட்டுங்கிற தேசியத் தகுதித் தேர்வும் இருந்தா காலேஜ் லைப்ரரியன், யுனிவர்சிட்டில அசிஸ்டென்ட் லைப்ரரியன்னு பேசலாம். நெட்ல மொதப் பேப்பர் எல்லாருக்கும் பொது, நம்ம பிள்ளைங்க பாடத்தைப் படிச்சுட்டு அதுல கோட்டை விடுவாங்க, அதை மொத வருஷமே ஆரம்பிச்சுடு. பொது நூலகத் துறைக்கு வரணும்னா டி.என்.பி.எஸ்.சி., அவங்க எப்பக் கூப்பிடுவாங்கன்னு ஜோசியர்தான் சொல்லணும், அதை நம்பி உக்காந்துடாத. தனியார் காலேஜ்ல போட்டா டிகிரி ரெண்டு வச்சிருந்தாலும் சம்பளம் கம்மி, என் கூட கரஸ்ல படிச்ச ஒரு பொண்ணு இன்ஜினியரிங் காலேஜ் ஒண்ணுல இருந்தா, ஃபீஸ் கட்டாத பசங்களுக்கு நோ டியூ கையெழுத்து போடக்கூடாதுன்னு சொல்லி லைப்ரரியையே வசூல் கவுண்டர் ஆக்கிட்டாங்கன்னு அழுவா. ஐஐடி மாதிரி இடங்கள்ல லைப்ரரி டிரெய்னின்னு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் எடுப்பாங்க, உதவித்தொகைதான், ஆனா அங்க கத்துக்கறது வேற. பெங்களூர்ல டி.ஆர்.டி.சி.ன்னு இந்தப் படிப்புக்கே ஒரு இடம் இருக்கு, அதையும் ரங்கநாதன்தான் 1962-ல ஆரம்பிச்சார், ரெண்டு வருஷம், நுழைவுத் தேர்வு உண்டு, உதவித்தொகையும் உண்டு, கணக்கு கம்ப்யூட்டர்னு இருக்கும். நீ மெட்ராஸ் மட்டும்னு நிக்காம அதுக்கும் போட்டு வை. கெடைச்சா அங்க போ, எனக்கு சீர்காழிக்காரர் வச்ச ரெண்டு கடைல எதுல வாங்குனாலும் சரிதான்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு லைப்ரரில உக்காந்து படிச்சு படிச்சுதான் உனக்கு இந்த ஆசை முத்திப்போச்சுன்னு எனக்குத் தெரியும். 2010-ல தொறந்தப்ப எங்க எல்லாரையும் வண்டி வச்சு அழைச்சுட்டுப் போனாங்க, அத்தனை மாடி, அந்தப் பிள்ளைங்க பகுதில உள்ளுக்குள்ளயே ஒரு மரம் செஞ்சு வச்சிருந்தாங்க, நான் அதைத் தொட்டுப் பாத்தேன். ஆனா அங்க ஏசி காத்துல உக்காந்து படிக்கிறவன் வேற, அந்தப் புக்கு அந்த இடத்துல இருக்குறதுக்கு அஞ்சு பேரு பண்ண வேலை வேற. அடுத்த ஞாயித்துக்கிழமை போனா படிக்காத. ஒரு ரேக்குகிட்ட நின்னு ஒரு புக்கு இடம் மாறி இருக்கான்னு தேடிப் பாரு, முதுகுல இருக்குற நம்பரை வச்சு. அரை மணி நேரம் அதைப் பண்றப்ப உனக்கு எரிச்சல் வந்தா இப்ப இருக்குற வேலைலயே இருந்துடு, சொல்றதுக்கென்ன. அந்த ஒரு தப்பா வச்ச புக்கைக் கண்டுபிடிச்சதும் உனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சுன்னா அப்ளிகேஷனைப் போடு. தப்பான எடத்துல இருக்குற புக்கும் தொலைஞ்ச புக்கும் ஒண்ணுதான், இதை என் முதல் நாளே ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தார்.

பணத்துக்கு யோசிக்காத. பணி ஓய்வுல வந்ததுல கொஞ்சம் தனியா வச்சிருக்கேன், அப்பாவுக்குத் தெரியாது, தெரியும் ஆனா தெரியாத மாதிரி இருக்கார். ரெண்டு வருஷத்துக்குக் காணும். டிகிரி சர்டிபிகேட், மார்க் ஷீட்டு எல்லாம் பீரோ மேல் தட்டுல ரோஸ் ஃபைல்ல இருக்கு, கொரியர்ல அனுப்ப பயமா இருக்கு, வர்றப்ப எடுத்துட்டுப் போ.

கடைசில சொல்றேன்னேனே, அந்த இன்னொரு காரணத்துக்கு வர்றேன். நீ போன் பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, உன் ஹாஸ்டல் பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கி வெயில்ல வச்சேன், கரையான் இருக்கான்னு பாக்க. அடில ஒரு செஸ் புக்கு. அட்டைய விரிச்சா என் கையெழுத்து, நம்ம லைப்ரரி சீலு, அக்ஸஷன் நம்பர் 3417. கார்டுல எழுதாம எடுத்துட்டுப் போயிருக்க, அம்மா லைப்ரரிதானேன்னு. எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்கிப் போச்சு. ஏன்னா 3417 எனக்கு நல்லா தெரியும். கஜா பட்டியல்ல நான் எழுதியிருக்கேன், நம்பர், பேரு, விலை, மழையால் சேதம். ரேக்குல இல்ல, இஷ்யூ ஆனதாவும் எழுத்து இல்ல, அப்ப நனைஞ்சு நைஞ்சு போனதுல ஒண்ணா இருக்கும்னு பாக்காம எழுதிட்டேன். அந்த மூணு மாசம் ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துதான் எழுதுனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். திருச்சில ஹாஸ்டல் பெட்டில சொட்டு மழை படாம இருந்திருக்கு. அந்த மாதிரி இன்னும் எத்தனையோ. அதைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுட்டு இருந்தப்பதான் நீ போன் பண்ணி நானும் லைப்ரரியன் ஆவப்போறேன்ன. என்ன சொல்வேன், சொல்லு.

நேத்து எடுத்துட்டுப் போனேன். இப்ப இருக்குற பொண்ணு சின்னப் பொண்ணு, எம்.எல்.ஐ.எஸ். படிச்சது, நல்ல துப்புரவா வச்சிருக்கு, என் பெயின்ட் எழுத்தை மட்டும் அழிக்கல. விஷயத்தைச் சொன்னேன். அது ரொம்ப நேரம் ரிஜிஸ்டரையும் என்னையும் பாத்துட்டு, "கணக்குல இது செத்துப்போச்சும்மா, உயிர் குடுக்க ஒரு ஃபைல் ஓடணும், பேசாம நன்கொடையா குடுத்துடுங்க"ன்னுச்சு. குடுத்தேன். பழைய நம்பர் மேல சிவப்பு மையில ஒரு கோடு போட்டு, கீழ புது நம்பர் 6208, நன்கொடைன்னு எழுதி, குடுத்தவர் பேருல என் பேரைப் போட்டுச்சு. நான் உன் பேரைப் போடச் சொன்னேன்.

பொங்கலுக்கு வர்றப்ப போய்ப் பாரு, விளையாட்டு ரேக்குல மேலேர்ந்து ரெண்டாவது தட்டுல இருக்கு. எடுத்தா கார்டுல எழுதி எடு.

அம்மா